சுதேஷின் தலையில்

கண்டியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவு யசோதாவின் பொறுப்பு. மார்ச் மாதம் யாரோ இணையவழியாகப் புகுந்து ஆய்வுகூடக் கணினிகளை முடக்கிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுக்காக நோயாளிகள் அலைந்தார்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லையா என்று இயக்குநர் கேட்டபோது யசோதா தயங்கவேயில்லை.

"சுதேஷ் போகும்போது எதையும் ஒழுங்கா ஒப்படைக்கல சேர்."

சுதேஷ் அவளுக்குக் கீழே வேலை செய்த பன்வில ஊர்ப் பையன். கட்டாருக்குப் போய்விட்டிருந்தான். ஊரில் இல்லாதவன் தலையில் கட்டுவது சுலபமாக இருந்தது. உண்மையில் எச்சரிக்கைகள் அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்தன. ஓயாமல் வந்து தொல்லை கொடுக்கின்றனவென்று, கண்ணில் படாதபடி ஒதுக்கிவிட்டதும் அவளே.

கண்காணிப்பைக் கவனிக்க ஒப்பந்த அடிப்படையில் ஒரு பாதுகாப்புப் பொறியியலாளரை எடுக்க முடிவானது. நேர்முகத்துக்கு வந்தவர்களில் அக்குறணையைச் சேர்ந்த அஹ்னாப்பை அவளே தெரிவு செய்தாள். வேலைக்கு வந்த முதல் நாளே அவன் கேட்டான்:

"பழைய ஆள்ட நம்பர் ஈக்கா மிஸ்? அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டா லேசு."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. கொடுத்தாள். அஹ்னாப் அவள் முன்னாலேயே தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துப் பேசினான். நடந்ததைக் கேட்ட சுதேஷ் பதறிப்போனான்.

"நான் எதையாவது விட்டுட்டேனோ தெரியலையே. அப்படின்னா மிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க. அவங்க எனக்காக நல்லபடியா எழுதிக் குடுத்ததாலதான் இந்த வேலையே கிடைச்சது."

யசோதாவுக்கு முகம் எரிந்தது. அஹ்னாப்பை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சுதேஷ், நான்தான் பேசுறேன். நீங்க ஒண்ணையும் விடல. வந்த எச்சரிக்கையை எல்லாம் பார்க்காம ஒதுக்கினது நான். இயக்குநர்கிட்ட உங்க பேரைச் சொன்னதும் நான்தான்."



"சரி மிஸ். ட்யூட்டிக்கு நேரமாச்சு."

தொடர்பு அறுந்தது. அஹ்னாப் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் நேரே இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் திட்டவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, யசோதா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாயிருந்திருக்கும். வேலை போகவில்லை. ஆனால் எச்சரிக்கைகள் அன்றிலிருந்து அஹ்னாப்புக்கே போயின.

மாலையில் வீட்டுக்குப் போகும் குண்டசாலை பஸ்ஸில் நின்றபடி சுதேஷுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள். அவன் அதைப் படித்துவிட்டான் என்று திரை காட்டியது. பதில் அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.