எழுபத்திரண்டு பண்டங்களும் ஓர் 'இல்லை'யும்

அண்ணியின் உணவகத்தில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. கடை திறந்த அன்றே போட்ட சட்டம் அது. யார் எதைக் கேட்டாலும் "வந்துரும்" என்றுதான் சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர் ஒன்பது வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் 'வந்துரும்' ஆகிவிட்டார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வரவழைக்க வேண்டியவன் உள்ளே இருந்தான். அண்ணியின் கொழுந்தன். சமையல் முழுக்க அவன் கையில்.

அன்று காலை அவன் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றான்.

"அண்ணி, அடுப்பு நாலு, கை ரெண்டு, பட்டியல்ல எழுபத்திரண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஹோட்டல்ல என்னைக் கேக்கறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைப் போனுக்கே கூப்பிடுவாங்க. நீங்க பட்டியலைக் குறைச்சா நான் ஏன் போறேன்?"

"வர்றவங்ககிட்ட இல்லைன்னு எப்படிப்பா சொல்றது? எனக்கு வாய் வராதே."

"ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்க. தன்னால வரும்."

மதியக் கூட்டம் கலைந்ததும் திறந்து பார்த்தாள். பாதிப் பூசணி, முக்கால் முட்டைக்கோஸ், என்றைக்கோ யாரோ கேட்கப்போகிற பண்டங்களுக்காகப் பதினோரு விதச் சாஸ். ஒவ்வொரு டப்பாவின் மேலும் கொழுந்தனின் கோழிக்கிறுக்கலில் தேதி. ஊருக்கெல்லாம் நல்லவளாக இருக்கப் போய், வீட்டுப் பிள்ளை ஒருத்தனை வறுத்தெடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவன் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

பட்டியல் அட்டையும் பென்சிலுமாக ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். பென்சில் காளான் சூப்பின் மேல் போய் நிற்கும். மனசு கேட்காது, திரும்பிவிடும். கழுவி அடுக்கிய தட்டுகளிலிருந்து ஆவி மெல்ல எழுந்தது. திரைச்சீலை வழியாக இறங்கிய வெயில் தரையில் மஞ்சளாகக் கிடந்தது. கண் சொக்கியது.

கதவு திறந்தது. முதலில் காளான் சூப் வந்தது, ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. பின்னாலேயே எலுமிச்சை மீன், வாத்து வறுவல், பூசணி சூப். "நீங்க உக்காருங்க", "பரவால்ல, நீங்க மொதல்ல" என்று ஒன்றையொன்று உபசரித்தபடி எழுபத்திரண்டும் உட்கார்ந்தன. இருபது நாற்காலியில் எப்படி என்று கேட்காதீர்கள். கனவில் இடத்துக்கா பஞ்சம்?

பூசணி சூப்தான் வாயைத் திறந்தது. "அண்ணி, போன மாசம் என்னை ரெண்டு பேர் கேட்டாங்க. அதுல ஒருத்தர் கை தவறி என் வரியைக் காட்டினவர்."

"உன்னை எடுத்தா மனசு சங்கடப்படுவியே?"

"வெட்டி வச்சு, வாடி, குப்பைக்குப் போறது மட்டும் சங்கடமில்லையா? தக்காளியைப் பாருங்க, ஏழு பண்டத்துக்குக் கை கொடுக்குது. அதை வச்சுக்கங்க. எனக்குன்னு தனியா ஒண்ணும் வாங்காதீங்க. நான் போறேன்."

'போயிட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை. போறேன் என்றது, அவ்வளவு லேசாக. அதன் பின்னாலேயே இன்னும் பல ஒவ்வொன்றாக எழுந்து, அவள் தோளைத் தொட்டுவிட்டு, வெயிலுக்குள் நடந்து கரைந்தன. அண்ணிக்குக் கண் நிறைந்தது. ஆனால் ஒன்றையும் தடுக்கத் தோன்றவில்லை.

விழித்தபோது அட்டையில் ஐம்பத்து நான்கு கோடுகள். தன் கைதான் போட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. மிஞ்சிய பதினெட்டையும் பலகையில் எழுதிச் சமையலறை வாசலில் மாட்டினாள். கொழுந்தன் வந்து படித்தான். திரும்பி உள்ளே போனான். எழுதுவது யாருக்கும் முடியும், சொல்வாளா என்று பார்க்கிறான் போலும்.

ஆறடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது எதிர்க்கடைத் தையல்காரர் வந்து உட்கார்ந்தார். "வாத்து வறுவல் இருக்காம்மா?"

'வந்துரும்' வாயைத் திறந்தார். அண்ணி அவரைக் கையமர்த்தினாள். "இல்லை" என்றாள்.

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"எலுமிச்சை மீன்?"

"இல்லை."

இவ்வளவுதானா! ஒன்பது வருஷம் பூட்டி வைத்த சொல், திறந்துவிட்டதும் நிற்க மாட்டேன் என்றது.

"காளான் சூப்?"

"இல்லை."

"சரி, ஒரு ஆம்லெட்டாவது?"

"அதுவும் இல்லை!" என்றாள், முகமெல்லாம் மலர.

தையல்காரர் கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

"அண்ணி!" உள்ளேயிருந்து கொழுந்தன் அலறினான். "ஆம்லெட் இருக்கே! பலகையில மொத வரியே அதுதானே!"

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் ஓடினான். ஏப்ரனோடு, கையில் கரண்டியோடு தெருவில் இறங்கி, "ஐயா, இருக்கு! நில்லுங்க, இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். தையல்காரரைக் கையோடு இழுத்து வந்து உட்காரவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

போன் அடித்தது. அண்ணி எடுத்தாள். பெரிய ஹோட்டல்தான். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அவங்கதான். என்னப்பா சொல்ல?"

அவன் முட்டையை உடைத்து ஊற்றினான்.

"இல்லைன்னு சொல்லுங்க அண்ணி. உங்களுக்குத்தான் இப்ப நல்லா வருதே."