மார்பில் கதவு வைத்த குரங்கு

செங்கம் ரோட்டில் நான் பெருக்கித் துடைக்கும் லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரம்மா தங்கியிருந்தாள். செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, அச்செடுத்த படங்களைத் துணி காயப்போடுவதுபோல் அறை முழுக்கத் தொங்கவிட்டிருப்பாள். எல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கதைகள்தான், ஆனால் ஜுரத்தில் பிதற்றுகிற மாதிரி. காக்கா பானைக்குள் கல்லுக்குப் பதிலாக மனுசப் பல்லைப் போட்டது. சிங்கம் இன்னொரு சிங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறியது. இந்தக் கூத்துக்கெல்லாம் பயப்படுகிற ஆளில்லை நான்.

ஒன்றுக்குத்தான் பயந்தேன். அதில் நாவல் மரத்தடியில் குரங்கு நின்றது. அதன் மார்பில் சின்னக் கதவு ஒன்று திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஆற்றில் முதலையின் பெண்டாட்டி சேலை கட்டிக்கொண்டு, மடியை ஏந்தியபடி காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. என் ரத்தம் சேரவில்லை. தம்பி அன்பரசனுடையது சேர்ந்தது. கேட்டதும் சரியென்றான். கேட்டவள் நான்.

மெட்ராசுக்குப் புறப்படும் அன்று என்னை அழைத்துப்போக அந்த அறைக்கே வந்துவிட்டான். படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அந்த முதலைக் கதைதானக்கா இது? ஈரல மரத்துலயே வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சிடுமே. மூளை ஜாஸ்தி அதுக்கு."

"வாடா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

மச்சான் கிட்னி கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரியில் கமிட்டிக்காரர்கள் தனியாகக் கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று விசாரிப்பார்களாம். அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். சொல்லாமல் விட்டுவிடுவானோ என்றும் பயம்.

வெளியே வந்தான்.

"என்னாடா கேட்டாங்க?"

"ஏம்பா குடுக்கறேன்னாங்க. அக்காவுக்கு ஒரு பொங்கல் சீர்கூட ஒழுங்கா செஞ்சதில்ல சார், இத சீரா வெச்சிக்கட்டும்னேன். கையெழுத்து வாங்கிக்கினாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"ஆபரேஷன்ல வலி கம்மியாத்தானே இருக்கும்க்கா?"

வேண்டாம்டா, ஊருக்குப் போயிடு என்ற சொல் வாய்வரை வந்தது.

"கம்மியாத்தான்டா இருக்கும்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.