செதூத்தோ

ஒரு பையில் பாணும் தக்காளியும், மற்றப் பையில் மருந்துக்கடைச் சாமான். லிப்டின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நின்றபோது, கட்டடத்தின் வாசல் காவல்காரர் சல்வோ தன் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். வழக்கமாக அந்த மனுசன் காலையில் வாய் திறந்தால் வெயில், முழங்கால், மாநகரசபை என்று மூன்றையும் திட்டி முடிக்காமல் ஆளை மேலே விடமாட்டார். அன்றைக்கு ஒன்றையும் திட்டவில்லை. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "மத்தியாஸ்," என்றார். "செதூத்தோ." பிறகு மேலே மூன்றாம் மாடிப் பக்கம் கையைக் காட்டி, "பாவம், அந்தத் தாய்," என்று சிசிலியனில் முணுமுணுத்தார்.

என்னிடம் இருப்பது வேலைக்கும் கடைக்கும் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்கும் போதுமான இத்தாலியன். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்த தாள் ஒன்றில் என் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் 'தெச்செதூத்தோ' என்று எழுதியிருந்தார்கள். காலமாகிவிட்டார் என்று அர்த்தம். பலெர்மோக்காரர் எப்போதும் பாதிச் சொல்லை விழுங்கித்தான் கதைப்பார்கள். இந்த ஆளும் முன்பாதியை விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதோடு, 'செத்து' என்ற சத்தம் காதில் விழுந்தால் ஒரு தமிழ்ச்சிக்கு வேறு என்னதான் விளங்கும்?

லிப்டுக்குள் ஏறிச் சிலுவை போட்டேன். ஐயோ அந்தப் பிள்ளை என்று முதலில் நினைக்கவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் சம்பளத்துக்கு நின்று பராமரிக்கும் சிஞ்ஞோரா நெலிதா ஆர்ஜென்டீனாக்காரி, அங்கே ஆற்றங்கரைத் துறைமுக ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். மகன் மத்தியாஸ் பத்தொன்பது வயதில் இந்த ஊர்க் கிளப்பின் ரோஸ் நிறச் சட்டையைப் போட வந்தவன். வந்த கையோடு லிபெர்த்தா வீதியில் இந்த வீட்டை வாங்கித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டான். பிறகு கிளப் அவனை வடக்கே விற்றது, வடக்கே இருந்தவர்கள் இன்னும் வடக்கே விற்றார்கள். தாய் மட்டும் இடுப்பெலும்பு முறிந்து, இங்குள்ள டொக்டரையும் என்னையும் நம்பி இங்கேயே நின்றுவிட்டார். என் பெயர் செல்வமலர். இத்தாலியர் அதை 'மலா' என்று வெட்டிவிட்டார்கள். சிஞ்ஞோராவின் மொழியில் மலா என்றால் கெட்டவளாம். முதல் நாளே அதைச் சொல்லிச் சிரித்தார்.

அவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது சான் ரொக்கே கிளப்பின் கொடி. ஊரில் அந்தக் கிளப்பின் சட்டைகளைத் தன் வீட்டு முற்றத்தில் வைத்துத் தோய்த்துக் கொடுத்தவர் சிஞ்ஞோராதான். மத்தியாஸ் வளர்ந்ததே காயப்போட்ட அந்தச் சட்டைகளுக்குக் கீழேதான். ஒரு காலத்தில் பிரேசிலின் பெரிய கிளப்புகளே வந்து அங்கே அடிவாங்கிக்கொண்டு போகுமாம். இப்போது இரண்டாம் பிரிவில் கிடந்து இழுபடுகிறது. எவனாவது கொஞ்சம் நன்றாக விளையாடினால் மீசை அரும்ப முதலே விற்றுவிடுகிறார்கள். டேப்லெட்டில் ஆட்டம் பார்க்கும்போது சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்ப்பார். "இவன் ஆர்? இவன் ஆர்? சட்டை காய முதல் ஆள் போயிடுறான், மலா." அவர் கதைப்பது பாதி ஸ்பானிஷ், நான் கதைப்பது பாதி தமிழ், நடுவிலே இத்தாலியன் நின்று தவிக்கும். இங்கே சொல்வதெல்லாம் என் தமிழில்தான்.

என் மனுசன் றெஜி பேசாலை ஊர்க்காரர். பந்து என்றால் சோறு வேண்டாம். "அங்கத்தையான் கிளப்பெல்லாம் இப்ப வெறும் நாற்றுமேடை," என்பார். "அங்கை முளைக்கப்போட்டு இஞ்சை கொண்டுவந்து நடுகினம். உலகக் கிண்ணம் எடுத்து நிண்டாங்களே, இறுதி ஆட்டத்திலை இறங்கின பதினொரு பேரிலை ஒருத்தனாவது சொந்த நாட்டுக் கிளப்பிலை விளையாடினவனோ? சொல்லு பாப்பம்." நான் என்னத்தைச் சொல்ல? எங்கள் கோயில் பங்கின் பந்து அணியும் அப்படித்தான் கிடக்கிறது. பொடியள் இத்தாலியன் பாஸ்போட்டை எடுத்த கையோடு லண்டனுக்கு ஏறிவிடுகிறார்கள். தொப்பையும் தானுமாக இவர்தான் இன்னும் கோல் காக்கிறார்.

அந்தக் கோடையில் மத்தியாஸ் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது, கிளப்பிடம் கேட்டு விலகிக்கொண்டு சான் ரொக்கேக்குப் போய்க் கடைசி ஆட்டங்களை அங்கே ஆடப்போகிறேன், நீயும் வா, என் சட்டையை நீதான் தோய்க்க வேண்டும் என்று. அன்றையிலிருந்து சிஞ்ஞோரா நடக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு தானாகவே பால்கனி வரை நடந்து பழகத் தொடங்கினார். அவர் போனால் என் வேலை போகும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவருடைய நடைக்குக் கை தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மலைமேல் இருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் போவது வழக்கம். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் கிடையாது. தமிழர் எல்லாருக்கும் அவ பொது. சிஞ்ஞோரா என்னிடம் ஒரு மெழுகுதிரியைத் தந்து, "என்ரை மகன் ஊருக்குப் போகோணும் எண்டு சொல்லி ஏத்து," என்றார். நான் ஏமாற்றவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லி ஏற்றினேன். பிறகு என் காசில் வாங்கிய மெழுகுதிரியைப் பக்கத்தில் ஏற்றி, "தாயே, அவன் அங்கை போகாமல் இருக்க ஏதாவது செய்," என்றேன். ஏதாவது செய் என்று கேட்டேன் பாருங்கள். என் வாயில்தான் சனி.

கதவைத் திறந்தபோது சிஞ்ஞோரா பால்கனிக் கதிரையில் இருந்தார். மடியில் போன், கண் சிவந்திருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பைகள் கையை விட்டு விழ, தக்காளி நாலு பக்கமும் உருண்டது. "ஐயோ என்ரை அம்மா!" என்று ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்தாரோ என்னவோ, அவரும் உடைந்துவிட்டார். "ராசா மாதிரிப் பிள்ளையெல்லோ," என்று நான் தமிழில் குழற, "வாறன் எண்டு சொன்னவனெல்லோ," என்று அவர் ஸ்பானிஷில் குழற, கீழ் வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

"எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"ராத்திரி. போனிலை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சுது."

போனில் கதைத்துக்கொண்டே கார் ஓட்டியிருக்கிறான், கட்டையிலை போவான், என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். செத்தவனை அப்படித் திட்டக் கூடாது.

"எங்கை?"

"சவூதியிலை."

அவன் எதற்குச் சவூதிக்குப் போனான் என்று யோசிக்க எனக்கு அப்போது மூளை இல்லை. "எப்ப கொண்டுவருவினம்?" என்று கேட்டேன்.

சிஞ்ஞோரா மூக்கைச் சீறினார். "மூண்டு வருசம் செல்லும்," என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எங்கேயோ இடித்தது. கேட்க வாயெடுக்க முதல் அவர் மடியில் இருந்த போன் அடித்தது. பார்த்தால் மத்தியாஸ். படத்தோடு வரும் அழைப்பு. சவரம் செய்யாத முகமும் ஈரத் தலையுமாக, "அம்மா," என்கிறான். நான் போட்ட கூச்சலில் சிஞ்ஞோரா போனைத் தரையில் போட்டுவிட்டார்.

பொறுக்கிக் கொடுத்தேன். அவர்கள் கதைத்தது கொஞ்சம்தான். "கிளப் முடிவெடுத்திட்டுது அம்மா. ஏஜெண்டும் ஓம் எண்டிட்டான்," என்றான் மகன். "நீ?" என்று கேட்டார் தாய். "முப்பத்தாறிலை கட்டாயம் ஊருக்கு வருவன்," என்றான். "முப்பத்தாறிலை வந்து நீ அங்கை விளையாடாமல் வெளியிலை கதிரையிலைதான் குந்தியிருப்பாய்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன் பேயைக் கண்டவள் மாதிரிக் கத்தினனி?" என்றார். சொன்னேன். சல்வோ சொன்னதை, அப்பாவின் தாளில் இருந்ததை, தமிழில் செத்து என்றால் என்ன என்பதை எல்லாம் சொன்னேன். செதூத்தோ என்றால் வேறு கிளப்புக்கு விற்றுவிட்டார்கள் என்று அர்த்தமாம். மத்தியாஸை மூன்று வருசத்துக்குச் சவூதிக் கிளப் ஒன்று வாங்கியிருக்கிறதாம். பந்துக்காரரிடம் அது தினமும் புழங்கும் சொல்லாம். றெஜியைக் கட்டி இத்தனை வருசத்தில் அந்த மனுசன் இதைச் சொல்லித் தரவில்லை. சிஞ்ஞோரா, "செத்து, செதூத்தோ, செத்து," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் வெட்கம் கெட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு நின்ற பிறகு அவர் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கடை ஊரிலை ஒரு பொடியனை வித்தால் கேக் வெட்டுவினம், மலா. வெடி கொளுத்துவினம். தாயும் நிண்டு படத்துக்குச் சிரிக்கோணும். அவன் முதல் போகேக்கை நானும் சிரிச்சனான். ஒருத்தரும் வந்து கட்டிப்பிடிச்சு அழேல்லை. நீ ஒருத்திதான் முறையா வந்து அழுதனி."

அதைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மற்ற மெழுகுதிரியின் கதையைச் சொல்லிவிட்டேன். வேலை போகாது என்று தெரிந்தவுடன் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் சொன்னேன். அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. கீழே உருண்டு கிடந்த தக்காளியைப் பொறுக்கும் சாட்டில் குனிந்துகொண்டேன்.

சிஞ்ஞோரா தன் காலடியில் கிடந்த ஒரு தக்காளியை என் பக்கம் தள்ளிவிட்டார். "உன்ரை மெழுகுதிரி பெரிசோ, என்ரையோ?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே அளவு, சிஞ்ஞோரா. மாதாவாணை."

"அப்ப இது புனிதை செய்த வேலை இல்லை," என்றார். "ஏஜெண்ட்தான்."

ஏஜெண்ட் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. லண்டன் என்று சொல்லிக் கூட்டிவந்து என்னையும் ஒருத்தன் இந்த ஊரில்தான் இறக்கிவிட்டுப் போனான். "நீ உண்மையாவே மலாதான்," என்று சிஞ்ஞோரா என் தலையில் குட்டினார். நல்லாகவே வலித்தது. அன்றையிலிருந்து பால்கனி வரை நடப்பதை அவர் நிறுத்திவிட்டார். எழுப்பினால் எழும்புவார், இருத்தினால் இருப்பார். மத்தியாஸ் புதுக் கிளப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை சல்வோ பேப்பரில் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். சிஞ்ஞோரா அதை மேசை லாச்சிக்குள் போட்டார்.

ஒக்டோபரில் சான் ரொக்கேயின் கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் இரண்டாம் பிரிவில் தங்கலாம். வெல்லாவிட்டால் மூன்றாம் பிரிவு. ஞாயிறு பின்னேரம், எனக்கு லீவு நாள். ஆனாலும் போனேன். என்னை ஏற்றிப்போக வந்த றெஜியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு டேப்லெட்டுக்கு முன்னால் குந்திவிட்டார். சிஞ்ஞோரா ஒரு துவாயை மடித்து மடியில் வைத்திருந்தார். விளையாடுகிறவர்களில் ஒருத்தனையும் அவருக்குத் தெரியவில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் சனமே இல்லை. மற்றப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு பாடினார்கள். எதிர்ப்பக்கம் பந்தை வைத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது இடது ஓரத்தில் ஒரு மெல்லிய பொடியன் பந்தை எடுத்தான். சட்டை அவனுக்குப் பெரிசு, தோளில் இருந்து வழுகியது. ஒருத்தனைக் கடந்தான், இன்னொருத்தன் வழுக்கி விழுந்தான், மூன்றாமவன் காலைப் போட முதல் இடது காலால் ஒரு தட்டு. கோல்காரன் நின்ற இடத்திலேயே நின்றான், பந்து வலைக்குள். றெஜி பாய்ந்து எழும்பினார். "பாத்தியே! பாத்தியே! பதினேழு வயசாம், பேரைப் போடுறாங்கள் பார். அடுத்த கோடைக்கு இவனை இஞ்சை கொண்டுவந்திடுவாங்கள், எழுதி வை!"

"என்னவாம்?" என்று சிஞ்ஞோரா கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. சான் ரொக்கே முன்னுக்கு நிற்கிறது, அவர் கை தட்டவில்லை. "ஏன் பிள்ளை இவ்வளவு வடிவா அடிச்சனி?" என்று திரையைப் பார்த்து மெல்லமாகக் கேட்டார். "கொஞ்சம் கோணலா அடிச்சிருக்கலாமே."

திரையில் அந்தப் பொடியனின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்க, வாய் கொள்ளாத சிரிப்போடு தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். சிஞ்ஞோரா கையை நீட்டி அந்த முகத்தை உள்ளங்கையால் பொத்தினார். அவர் யாரிடமிருந்து அவனை மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வடிவான பிள்ளையை வெளியே கொண்டுபோகும்போது எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? நான் கைப்பையைக் கிண்டிக் கண்மையை எடுத்தேன்.

"விசரே உனக்கு?" என்றார் றெஜி. "அது டேப்லெட்."

"நீங்கள் சும்மா இருங்கோ."

சிஞ்ஞோராவின் கையை மெதுவாக விலக்கினேன். விரலில் மையைத் தொட்டு, பொடியனின் இடது கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்தேன். "இது எதுக்கு?" என்று சிஞ்ஞோரா கேட்டார். "ஒருத்தற்றை கண்ணும் படாமல் இருக்க," என்றேன். அவர் குனிந்து பார்த்து, பொட்டுக் காணாது என்று நினைத்தாரோ என்னவோ, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் இன்னொரு தரம் அழுத்தினார்.

விசில் ஊதியது. மேலே கிடந்தவர்கள் எழும்பினார்கள், படம் மாறியது, பொடியன் பெரிய சட்டை காற்றில் அடிக்க நடு மைதானத்தை நோக்கி ஓடினான். பொட்டு புல்லின்மேல் தனியே நின்றது.