பெருக்கல் குறி போட்ட சுவர்

அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'டொக்கு' என்று பெயர். எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஈரம் ஏறியிருக்கு" என்றார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்த மழைக்கு அந்தச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்த பிறகுதான் அப்பா அவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

வேனுக்குள் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்து அதை ஒரு வீடாக மாற்றுவதுதான் மாமாவின் தொழில். யார் யாருக்கோ செய்து கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒரு பழைய வேனை வாங்கினார். வேலையை விட்டதும் அக்காவும் அவரும் அதிலேயே ஊர் ஊராகச் சுற்றுவதாகத் திட்டம். கட்டில் முடிந்தது, அலமாரி முடிந்தது. டிவி மாட்ட வேண்டிய சுவரைத் தட்டிப் பார்த்துப் பென்சிலால் குறி போட்ட வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று.

அக்கா வீடு மாடியில். அவரைத் தூக்கிக்கொண்டு ஏற ஆளில்லை. அதனால் வாசலில் நின்ற அந்த வேனிலேயே அவரைப் படுக்க வைத்தோம். அக்காவும் கீழே இறங்கி வந்துவிட்டாள். ஊர் சுற்ற வாங்கிய வண்டி தெருவை விட்டு நகர்வது, கை கால் பயிற்சிக்காக அடுத்த ஊர் மையத்துக்கு அவரைக் கொண்டுபோகும்போது மட்டும்தான். ஓட்டுவது நான். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைப்பவளுக்கு இது பெரிய வண்டியா?

மாமாவுக்கு மிச்சமிருந்தது இடது கை. அந்தக் கையால் கட்டிலோரப் பலகையைத் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார், புரண்டு படுக்கத் தட்டுவார், மூக்கில் ஈ உட்கார்ந்தால் தட்டுவார், ஒன்றுமில்லாமலும் தட்டுவார். அக்கா நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டோ ஒரு கண் தூங்கியோ மாதக்கணக்காகிவிட்டது. "இந்த மனுஷன் தட்டித் தட்டியே என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடுவார்" என்பாள்.

பயிற்சி மையத்தில் அவருக்குக் கை கால் நீட்டிவிடும் அம்மா வேறு மாதிரி சொன்னாள். "தட்டட்டும்மா. ஏதாவது வேணும்னு கேக்கிற வரைக்கும் மனுஷன் நம்ம கூட இருக்கார். அது நின்னு போச்சுன்னா, அப்புறம் நான் எவ்வளவு நீட்டி மடக்கினாலும் பிரயோஜனமில்ல."

டிவி யோசனையைச் சொன்னதும் அவள்தான். மாமா பக்கத்துச் சுவரையே பார்த்தபடி கிடந்தார். கால்மாட்டில் டிவி இருந்தால் தலை நேராகும், மனசுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும் என்றாள். மாடியிலிருந்த டிவியை இறக்கி, ஒரு இரும்பு ஸ்டாண்டும் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் களத்தில் இறங்கினோம்.

கால்மாட்டுச் சுவரில் மாமாவின் பென்சில் குறிகள் அப்படியே இருந்தன. சில பெருக்கல் குறிகள். அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி, மேலிருந்து கீழாகச் சில வட்டங்கள். அக்கா பெருக்கல் குறியில் விரலை வைத்தாள்.

"இங்கதான்டி. நமக்குச் சிரமம் வேணாம்னு போட்டு வச்சிட்டே படுத்திருக்கார் பாரு."

"அப்ப வட்டம் எதுக்கு?"

"லைட்டு கிட்டு ஏதாவது வைக்க நினைச்சிருப்பார்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. இங்கே ஓட்டை போடு என்று சொல்ல, யாராக இருந்தாலும் பெருக்கல் குறிதானே போடுவார்கள்? ஸ்டாண்டை வைத்துப் பார்த்தால் ஏறக்குறையப் பொருந்தவும் செய்தது.

டிரில்லிங் மிஷினை நான் அழுத்தியதுதான் தாமதம், மாமா தட்ட ஆரம்பித்தார். அக்கா தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். புரட்டிப் படுக்க வைத்தாள். அப்போதும் தட்டினார். பலகை அதிர அதிரத் தட்டினார். "எல்லாம் கேட்டாச்சு. ஒண்ணும் வேணாமாம். மிஷின் சத்தம் பிடிக்கல போல" என்று அக்கா முடிவு கட்டினாள். "இருங்க, உங்களுக்காகத்தான் பண்றோம்."

ஸ்க்ரூக்கள் சொன்ன பேச்சு கேட்டு இறங்கின. கை வலிக்கவே இல்லை. "அவர் கட்டின சுவராச்சே, ஆனா அவர் மாதிரி முரண்டு பிடிக்கல" என்று சொல்லி அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். டிவியை மாட்டிவிட்டு நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நிற்கிற வண்டியில் எதுதான் அசையும்?

மாமா தட்டுவதை விட்டுவிட்டு டிவியையே முறைத்துப் பார்த்தார். "இன்னும் போடவே இல்ல, அதுக்குள்ள கண்ணை எடுக்காம பார்க்கிறார் பாரு" என்று அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் பயிற்சிக்குக் கிளம்பினோம். வழக்கம்போல அலமாரிக் கொக்கி, காஸ் மூடி, படிக்கட்டு எல்லாம் சரிபார்த்துவிட்டு ஏறினேன். என்ஜினைப் போட்டதும் பின்னால் தட்டல் தொடங்கியது. இதுவரை கேட்காத வேகம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண்கள் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன. எழுந்து பின்னால் போனாள். சத்தம் நின்றது. திரும்பி வந்து என் பக்கத்து இருக்கையில் சரிந்தாள்.

"என்ன கேட்டார்?"

"கைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு தலகாணியை வச்சிட்டு வந்தேன். போய்ச் சேர்ற வரைக்கும் நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். அவர் எங்க போயிடப் போறார்?"

எனக்கும் அந்த அமைதி வேண்டித்தான் இருந்தது. பெல்ட்டைப் போட்ட மறு நிமிஷம் அக்கா தூங்கிப்போனாள்.

சாலை மோசம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அலமாரிக்குள் தட்டுகள் பேசிக்கொண்டன. பாலத்தைத் தாண்டியதும் வேகத்தடை இருந்தது. மெதுவாகத்தான் ஏற்றினேன். பின்னால் ஏதோ பிய்ந்து, விழுந்து, உடைந்தது. ஓரம் கட்டி ஓடினோம்.

டிவி கட்டிலில் குப்புறக் கிடந்தது. அதன் மூலை மாமாவின் வலது காலைக் கிழித்திருந்தது. ரத்தம் விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, அது உணர்ச்சியில்லாத கால். அவர் முகம் முழுக்க வேர்த்திருந்தது. நான் முதலில் பார்த்தது காயத்தை அல்ல, தலையணையைத்தான். அதன் நடுவில் பெரிய குழி விழுந்திருந்தது. உறை தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்திருந்தது. வழி முழுக்க அடித்திருக்கிறார்.

அக்கா காலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். பெருக்கல் குறி இருந்த இடமெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே வெறும் தெர்மாகோல். மேலே ஒட்டியிருந்தது மெல்லிய ப்ளைவுட். அவர் செய்கிற மாதிரியே முட்டியால் தட்டினேன். பொள்ளென்றது. ஒரு சாண் தள்ளி வட்டத்தில் தட்டினேன். கெட்டியாக, மரம் பேசியது. சுவரைத் தாங்கும் மரச்சட்டம் அங்கேதான் ஓடுகிறது. வட்டம் என்றால் பிடிப்பு இருக்கிறது, பெருக்கல் என்றால் தொடாதே. நேற்று ஓட்டை போட்டபோதே அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அது ஆடி ஆடிக் கழன்று வருவதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். சுவர்களைத் தட்டியே பிழைத்த மனுஷன்.

அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் விரலைப் பார்த்தே புரிந்துகொண்டாள். தலையணையை எடுத்து வெளியே வீசினாள். அவர் கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள்.

"தட்டுங்க. என்னைத் திட்டணும்னா தட்டுங்க. இனிமே ஒவ்வொரு தட்டுக்கும் வர்றேன்."

கை வைத்த இடத்திலேயே இருந்தது. அவளே அந்த விரல்களை மடக்கிப் பலகையில் தட்டினாள். விட்டதும் கை சரிந்தது. மாமா மெதுவாக முகத்தைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

கால் புண் ஆறிவிட்டது. வேறு டிவி வாங்கி, வட்டங்களில் சேரும்படி குறுக்கே ஒரு கட்டையை அடித்து, அதன்மேல் ஸ்டாண்டை முறுக்கி, போதாததற்கு ஒரு பெல்ட்டையும் சுற்றிக் கட்டினேன். நானே தொங்கினாலும் அசையாது. காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் குறைத்து. பயிற்சி மையத்து அம்மா மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பத் தட்டுறதே இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இப்போது அக்காவுக்குத் தூங்க எவ்வளவோ நேரம் இருக்கிறது. அவள் தூங்குவதில்லை. பலகையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.