யார் பேரில் போடுவது

கூடைப்பந்து ஆட்டத்தில் ஸ்கோர் மேசைக்காரர்கள் வாயைத் திறந்து கத்தக் கூடாது என்று விதி உண்டு. தம்பி ஆடும் ஆட்டத்துக்கு அக்காவையே குறிப்பெடுக்க உட்கார வைக்காதே என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் விதி எழுதவில்லை.

யார் கூடை போட்டது, யார் பந்தை விட்டது என்று மேசையில் பக்கத்தில் உட்கார்ந்த கண்ணாடிக்காரர் சொல்லச் சொல்ல அவள் கணினியில் தட்டுவாள். கை சுத்தம் என்று பெயர். "எனக்கு ஒண்ணு கூடப் போட்டா கம்ப்யூட்டர் தேஞ்சா போயிடும்?" என்று தம்பியே வீட்டில் கேலி செய்வான்.

கடைசி நொடிகள். தம்பியின் அணிக்கு ஒரு புள்ளிதான் குறைவு. கூடைக்கு அடியில் நின்ற நெட்டையனுக்குத் தம்பி பந்தைக் கொடுத்தான். கையில் வைத்துக் கொடுத்த மாதிரியான பாஸ். அது நெட்டையனின் இரண்டு உள்ளங்கையிலும் பட்டு, வழுக்கி, கோட்டைத் தாண்டியது. மணி அடித்தது. தோல்வி.

கண்ணாடிக்காரர் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நான் பாக்கலம்மா. நீயே பாத்துப் போடு."

திரையில் ஒரு பெட்டி, பந்தை இழந்தவரின் சட்டை எண்ணைக் கேட்டது. எண் கொடுக்காமல் அது மூடாது. அது மூடாமல் அவள் எழுந்திருக்கவும் முடியாது. பயிற்சியாளர் வேறு தலைமேல் நின்றார்.

"வெளியூர்ப் போட்டிக்கு ஒருத்தனைக் கழிக்கணும். குடுத்தது தப்பா, பிடிச்சது தப்பா, எனக்குச் சரியாத் தெரியல. இந்தப் பந்தை விட்டவன்னு நீ போடுறவன்தான் அவன்."

தப்பு நெட்டையனுடையது. கண்ணால் பார்த்தாள். விரல் இறங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும். தம்பி தப்பிச்சான்!" எல்லாரும் சிரித்தார்கள்.

முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும். உண்மையை எழுதினால் பாசம் என்பார்கள். இதுவரை எழுதியதெல்லாம் சந்தி சிரிக்கும். அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, எண் மட்டும் வரவில்லை. தம்பி மூச்சு வாங்கியபடி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. அக்கா பார்த்திருப்பாள் என்ற தைரியம்.

அவள் தம்பியின் எண்ணைத் தட்டினாள். பெட்டி மூடியது.

"பாத்தீங்களாய்யா?" என்றார் பயிற்சியாளர். "சொந்தத் தம்பின்னுகூடப் பாக்கல. இந்தப் பொண்ணு எழுதினா வேதவாக்கு."

கூட்டம் கலைந்தபிறகு தம்பி பையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

"நான் சரியாத்தான் குடுத்தேன்னு நெனச்சேன்க்கா," என்றான். "நீயே எழுதிட்டியே. அப்ப எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்."