மாத்திரை வேண்டாம் என்றவன்

தெர்மாமீட்டர் நூற்றிமூன்று காட்டியது. சிவபிரகாஷ் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே நூற்றிமூன்று. நான்கு வயது மகள் அகல்யா கண் திறக்காமல் முனகினாள்.

மாமியார் சௌந்திரம் காய்ச்சல் மருந்து பாட்டிலோடு நின்றாள். "ஊத்தட்டுங்களா மாப்ள?"

அவன் தெர்மாமீட்டரையே மறுபடி எடுத்துப் பார்த்தான்.

போன சித்திரையில் அவன் மனைவி மஞ்சுளாவுக்கும் இப்படித்தான் உடம்பு காய்ந்தது. அவன் திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். தட்டில் வளர்ந்த மனிதச் செல்களில் வைரஸை விட்டு, இரண்டு டிகிரி சூட்டைக் கூட்டினால், செல்கள் விழித்துக்கொண்டு அதைப் பெருகவிடாமல் மடக்குவதைக் கண்ணால் கண்டவன். அந்த நினைப்பில், "காச்சல் நம்ம ஆளு. மாத்திரை போட்டு அணைச்சுப்போடாத" என்றான்.

"காச்சலுக்குக் காண்டக்ட் சர்டிபிகேட் குடுக்கற ஒரே ஆளு நீங்கதானுங்க" என்று சிரித்துவிட்டு, மஞ்சுளா மாத்திரையை வைத்துவிட்டுத் தறி ஓட்டப் போனாள்.

காற்றுப் பட்டால் நூல் அறும் என்று தறிப்பட்டறையில் சன்னல் திறக்க மாட்டார்கள். வெளியே நூற்றியாறு வெயில். மூன்று மணிக்குத் தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கீழே கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உடம்பில் நூற்றியெட்டு. அன்று இரவே போய்ச் சேர்ந்தாள். வைரஸா, வெயிலா, போடாத மாத்திரையா என்று டாக்டரிடம் கேட்டான். "எல்லாமும் இருக்கலாம்" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு டிகிரி என்று வைத்தால் இரண்டிலேயே நிற்கும். உடம்பு அப்படி நிற்கவில்லை.

"ஏனுங்க மாப்ள, புள்ள கொதிக்குது. நீங்க படிச்சவீங்க, சொன்னாத்தானுங்களே தெரியும்?" சௌந்திரத்தின் குரல் இறங்கியது. "அன்னிக்கு அவகிட்ட ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் போ சாமின்னு சொல்ல எனக்குத் தோணாமப் போச்சு. பாவி நான்."

வருடம் முழுக்க அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாத்திரை அவ கையிலதானுங்க அத்தை இருந்துச்சு. நாந்தான் வேண்டாம்னேன்."

சௌந்திரம் அவனைப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து மூடியில் கோடு பார்த்து ஊற்றினாள். "தலையப் புடிங்க."

பிடித்தான். கழுத்து அவன் உள்ளங்கையைச் சுட்டது. அகல்யா விழுங்கினாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. குமட்டி, பாயெல்லாம் கக்கிவிட்டாள். உள்ளே எவ்வளவு நின்றது, வெளியே எவ்வளவு வந்தது, கண்டுபிடிக்க வழியில்லை. மறுபடி ஊற்றினால் அதிகமாகிவிடுமோ, ஊற்றாவிட்டால் ஏறிவிடுமோ. டாக்டர் போனை எடுக்கவில்லை.

"மறுக்கா ஊத்தறதுங்களா, வேண்டாங்களா?" சௌந்திரம் கேட்டாள். இப்போதும் அவனைத்தான் கேட்டாள். கேட்க அவளுக்கு வேறு ஆள் இல்லை.

"தெரியலீங்க அத்தை" என்றான்.