நான்காக மடித்த காரணம்

உலகக் கால்பந்தின் வரலாற்றை எழுத யார் உட்கார்ந்தாலும் நம் தேசிய அணிக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்காமல் எழுந்திருக்க முடியாது. வீரமும் தியாகமும் விடாமுயற்சியும் ஒரே சீருடையில் மைதானத்தில் இறங்கியதைப் பதினோரு ஆண்டுகள் இந்த நாடு கண்ணாரக் கண்டது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் அணியின் கணக்கில் சேர்ந்த கோல்கள் நான்கு. அவற்றில் மூன்று, எதிரணிக்காரர்கள் கவனக்குறைவாகத் தங்கள் வலைக்குள்ளேயே தள்ளிக்கொண்டவை. மற்றபடி, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தலைமைப் பயிற்சியாளர் எதைக் காரணமென்று சொன்னாரோ அது அன்று மாலைக்குள் நாறத் தொடங்கியது.

முதல் ஆண்டு புல்லைச் சொன்னார். மூடி வைத்து மறந்துபோன மீன் டப்பாவும் பைக்குள் ஈரத்தோடு கிடந்த காலுறையும் கலந்தாற்போல மைதானம் முழுவதும் ஒரு வாடை எழுந்தது. புல்லைப் பெயர்த்து வேறு புல் பதித்தார்கள். பிறகு பந்தைச் சொன்னார். கிடங்கிலிருந்த நூற்றிருபது பந்துகளையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. தேசிய கீதத்தை இழுத்து இழுத்து வாசித்ததில் வீரர்களின் ரத்தம் ஆறிவிட்டது என்றார். ஊதுகிற கருவிகளை யாரும் வாயருகே கொண்டுபோக முடியாமல், அடுத்த ஆட்டத்திலிருந்து தேசிய கீதம் மேளத்தில் மட்டும் அடிக்கப்பட்டது. ஆறாம் ஆண்டு சொந்த ஆளையே சொன்னார். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரரின் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டார். ஆட்டக்காரர் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கால்பந்துச் சங்கம் இதையெல்லாம் கூடி ஆராய்ந்து, பயிற்சியாளரின் கணிப்பு துல்லியமானது என்பதற்கு நாற்றமே சாட்சி என்று தீர்மானம் போட்டது.

நாற்றத்தைப் போக்கும் பொறுப்பு சலவையக்காவின் தலையில் விழுந்தது. மேற்குப் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில், இரண்டு சலவை எந்திரங்களோடும் ஓர் இஸ்திரிப் பெட்டியோடும் அவர் பதினோரு ஆண்டுகளையும் கழித்தார். சோடா, வினிகர், கொதிநீர், உச்சிவெயில் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பயிற்சியாளர் சொன்னது சொன்னதுதான். வீரர்களின் சட்டைகள் சலவையக்காவுக்குத் தொல்லை தரவில்லை. அவர் போட்ட இஸ்திரி மடிப்பு தொண்ணூறு நிமிடம் கழித்தும் கலையாமல் திரும்பி வந்தது. அணியிலேயே வியர்வை கண்ட ஒரே துணி பயிற்சியாளரின் கோட்டுதான். எந்த வெயிலிலும் அதைக் கழற்றாததால் எல்லோரும் அவரைக் கோட்டு சார் என்றே அழைத்தார்கள்.

கழற்றுவது இடைவேளையில் மட்டும். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்களைச் சந்திக்க வேண்டுமே! சங்கச் செயலாளர் கோட்டை இஸ்திரிக்குக் கொண்டுவருவார். அதன் உள்பையில், செயலாளரே எழுதிய அன்றைய காரணம் நான்காக மடித்து வைக்கப்பட்டிருக்கும். சூட்டில் மை பரவிவிடும் என்பதால் சலவையக்கா சீட்டை எடுத்து வைத்துவிட்டு இஸ்திரி போட்டு, மறுபடி உள்ளே வைப்பார். கோட்டு சார் அதை முன்கூட்டிப் படிப்பதில்லை. முதல்முறையாகப் படித்தால்தான் குரலில் உண்மை இருக்கும் என்பது அவர் கொள்கை.

பதினோராம் ஆண்டின் கடைசி ஆட்டத்தில் இடைவேளைக்கே ஐந்து கோல் விழுந்திருந்தது. செயலாளர் கோட்டோடு வந்தார்.

"அக்கா, காலர் வெறப்பா நிக்கணும். இன்னிக்கு டிவில நேரடியா காட்டுறாங்க."

"இன்னும் பாதி ஆட்டம் இருக்கு. அதுக்குள்ள காரணம் எழுதியாச்சா?"

"அஞ்சு வாங்கியாச்சு. இனி எதுக்குக் காத்திருக்கணும்?"

அவர் போனதும் சலவையக்கா சீட்டைப் பிரித்தார். முழுக் காரணம் கோல்கீப்பர் என்று எழுதியிருந்தது. கோல்கீப்பர், அவர் தூக்கி வளர்த்த சொந்தத் தம்பி. செருப்புக்கடைக்காரர் மகளோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அதே நேரம் பார்த்து அவனும் உள்ளே வந்தான்.

"அக்கா, வேற கையுறை குடு. இது வழுக்குது."

"அஞ்சும் வழுக்கித்தான் போச்சாடா?"

"மூணு வழுக்கிச்சு. ரெண்டு நான் பாக்கவே இல்ல." அவன் கண் சீட்டில் விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று. "அக்கா, இதை அவரு வாசிச்சா அந்த வீட்டுல பொண்ணு குடுப்பாங்களா?"

"நீ போய் நில்லு. நின்னா போதும்."

சட்டைகளில் எண் குறிக்கிற அழியாத மையை எடுத்து, வேறொரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார். யாரை எழுதினாலும் அவர் நாறுவார் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினார். இரண்டாம் பாதியில் இன்னும் நான்கு விழுந்தன. விளக்குகளுக்கு முன்னால் கோட்டு சார் சீட்டைப் பிரித்து, தொண்டையைச் செருமி, குரலில் உண்மை ததும்பப் படித்தார்: "இன்றைய தோல்விக்கு முழுக் காரணம் நான்தான்."

வாடை காலரில் தொடங்கி முழங்கைக்கு இறங்குவதற்குள் முன்வரிசை நாற்காலிகள் காலியாகிவிட்டன. இனி இவர் கதை முடிந்தது என்று கதவோரம் நின்ற சலவையக்கா நினைத்தார். அப்போதுதான் ஒரு மூத்த நிருபர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, இன்னொரு கையால் மேசையைத் தட்டத் தொடங்கினார். மறுநாள் பத்திரிகைகளில் ஒன்பது கோல்களைக் காணவில்லை. பொறுப்பேற்ற மாமனிதர் மட்டும் இருந்தார். சங்கத் தலைவர் அவரைக் கட்டித் தழுவிவிட்டு, கார் கண்ணாடியை இறக்கி வெளியே வாந்தி எடுத்தார். உயிருள்ளவரை அவரே பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து அவரை முகரச் செய்தார்கள். மயங்கியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. கோட்டு சாருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. தன் வாடை தனக்கு எட்டாத உடம்பு அவருக்கு.

அதன்பின் நாறுவது கௌரவமாயிற்று. உதவிப் பயிற்சியாளர், மருத்துவர், பேருந்து ஓட்டுநர் என்று எல்லோரும் தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சி, ஒருவர்பின் ஒருவராக நாறினார்கள். துறைமுகத்திலிருந்த இடதுபக்கத் தடுப்பாட்டக்காரரை மாலை போட்டு அழைத்து வந்தார்கள். அவர் மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்து, பழையதை மறந்துவிடச் சொன்னார். கல்யாணம் மட்டும் தள்ளிப்போனது. ஒருநாள் தம்பி சலவை அறைக்கு வந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அந்த வீட்டுல கேக்கறாங்கக்கா. இத்தனை கோல் விட்டும் மாப்பிள்ளை பேரை ஒரு தடவகூட சொல்லலையே, அவ்வளவு ஒண்ணுமில்லாத ஆளான்னு."

"அதுக்காக நாறணும்னு கேக்கறியாடா?"

"எல்லாரும் நாறுறாங்க. நான் மட்டும் சோப்பு வாசனையோட நின்னா என்ன மதிப்பு? அன்னிக்கு சீட்டை மாத்தி என் பொழப்புல மண்ணைப் போட்டது நீதான். நீயே சரி பண்ணு."

சலவையக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அறையில் அப்போது எந்த வாடையும் இல்லை. அடுத்த ஆட்டத்தின் இடைவேளையில், அதே அழியாத மையில், தம்பி கேட்டபடியே எழுதி மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். மாலை கோட்டு சார் படித்தார். இரவுக்குள் செருப்புக்கடைக்காரர் தேதி குறித்துச் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நடந்த ஆட்டம்தான் இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. வாடை தாங்காமல் எதிரணியினர் நடுக்கோட்டைத் தாண்டி வரவே இல்லை. அணி ஒரே ஒரு கோலில் தோற்றது. நாட்டின் வரலாற்றிலேயே மிகச் சிறிய தோல்வி. அந்தக் கோலும் நம் தடுப்பாட்டக்காரர் கோல்கீப்பரிடம் மெதுவாகத் திருப்பி உருட்டிய பந்து. கோல்கீப்பர் அப்போது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வாடை தாங்காமல், வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.